கடாரையின் காதில்

முன்னொரு காலத்தில், கடலோரத்து வேலங்கரை நாட்டை வில்லவதரையன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவனுக்குக் கப்பல் என்றால் உயிர். ஆனால் பட்டத்தில் இருப்பவன் கடல் தாண்டக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். அதனால் வணிகர்கள் சொல்லும் தூரதேசங்களின் பெயர்களைத் தன் பெண்களுக்கு வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டான். மூத்தவள் ரோமை. அடுத்தவள் மிசிரை. கடைக்குட்டி கடாரை.

கடாரை காய்ச்சலில் போய்விட்டாள்.

"இனி அந்தப் பெயர் யார் வாயிலும் வரக் கூடாது. சொன்னவர் நாட்டில் இருக்க முடியாது" என்று ராஜா ஆணையிட்டான். கடாரத்துக்குப் போகும் மாலுமிகள்கூட, "அங்கே போகிறோம்" என்று கிழக்கே கை காட்டினார்கள். அமைச்சர் பூதனார் வாய் திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் எப்படி நியாயம் பேசுவது?

சபையில் அவருடைய பதவி மேல் கண்ணாக இருந்தவன் இருங்கோளன். ஒருநாள் அவன் ஒரு கைக்குழந்தைக்காரியைச் சபைக்கு இழுத்து வந்தான்.

"மகாராஜா, இந்த நாச்சி தன் பெண்ணுக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறாள்!"

"என் வீட்டுக்காரர் அந்த ஊருக்குப் போன கப்பலில்தான் போனார் சாமி" என்றாள் நாச்சி. "கப்பல் திரும்பவே இல்லை. இவளுக்கு அப்பா முகம் தெரியாது. அவர் போன ஊராவது இவளோடு இருக்கட்டுமே."

ராஜாவின் முகம் இறுகியது. "பெயரை மாற்று. இல்லையென்றால் போய்விடு."

"மாற்ற மாட்டேன் சாமி."

இருங்கோளன் சிரித்தான். "பெரிய புத்திசாலி பூதனார் இருக்கிறாரே, அவரே மாற்றட்டும்! முடியாவிட்டால் அவரும் அவளோடு நாட்டை விட்டுப் படகேறட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

பூதனார் குழந்தையைப் பார்த்தார். "மாற்றிவிடலாம் மகாராஜா. வழக்கப்படி, பெயரை வைத்தவர்தான் குழந்தையின் காதில் அதைக் கடைசியாகச் சொல்லி அதற்கு விடைகொடுக்க வேண்டும்."

"நாச்சி சொல்லட்டுமே!" என்றான் இருங்கோளன்.

"இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தவர் நாச்சி இல்லையே ஐயா."

ராஜா இறங்கி வந்து குழந்தையை வாங்கினான். குனிந்தான். பிறகு மெல்ல, "கடாரை" என்றான். குழந்தை அவன் மீசையைப் பிடித்துக்கொண்டது. விடைகொடுக்கும் வார்த்தை வரவேயில்லை. "கடாரை, கடாரை" என்று அழைத்து அழைத்து அழுதான்.

"விடை கொடுங்கள் மகாராஜா!" என்று இருங்கோளன் அவசரப்பட்டான்.

"பொறும். பெயர் ஒரு வாயில் வந்துவிட்டதே" என்றார் பூதனார். "அந்த வாய்க்கு உரியவரை எந்தப் படகில் ஏற்றலாம்? நீரே சொல்லும்."

ராஜா குழந்தையை நாச்சியின் கையில் கொடுத்தான்.

"ஆணை போகட்டும், பெயர் இருக்கட்டும்" என்றான் ராஜா. "இருங்கோளா, தினமும் துறைக்குப் போ. இவள் புருஷனைப் பற்றி வருகிற கப்பலில் எல்லாம் கேட்டு, இவளிடம் போய்ச் சொல்." பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதனாருக்குப் போட்டான். "கெட்டிக்காரர்தான் நீர். ஆனால் புண்ணிலேயே கை வைத்துவிட்டீர்."

அந்த மாலையைப் பூதனார் ஒருநாளும் அணியவில்லை. ஆற்றினோமா, கிளறினோமா என்று அவருக்கே விளங்கவில்லை.

இருங்கோளன் தினமும் துறைக்குப் போனான். தினமும் நாச்சியிடம் "இல்லை" என்று சொன்னான். சொல்லிச் சொல்லி அவன் குரலே தணிந்துவிட்டது. சாயங்காலம் அவன் சபைக்கு வந்ததும் ராஜா கேட்பான்:

"அவன் வந்தானா?"

"இல்லை மகாராஜா."

"கடாரை என்ன செய்கிறாள்?"

"பல் முளைத்திருக்கிறது மகாராஜா."

பூதனார் அப்போதெல்லாம் ராஜாவின் முகத்தைப் பார்க்க மாட்டார்.