நாப்பது இடது கை

ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தா, பேரு கோகிலவாணி. நாலாங்கிளாசுக்குத் தமிழ். சேர்ந்து அஞ்சு மாசம்தான், அதுவும் தற்காலிக வேலை. 'ம்' போடு தங்கம், இல்லாட்டி நான் தூங்கிடுவேன். ம், அப்படித்தான்.

அப்போ ஒருநாள் ஆபீசர் வர்றார்னு சேதி வந்துச்சு. இவ பாட்டு நடத்துறதைப் பார்த்துட்டுத்தான் வேலையில வெச்சுக்கலாமா வேணாமான்னு எழுதுவாராம். கோகிலவாணிக்குச் சோறே இறங்கல. பயத்துல ஒரு தந்திரம் பண்ணினா.

"பிள்ளைங்களா, ஆபீசர் எது கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியாட்டி இடது கை. நான் வலது கையாப் பார்த்து எழுப்புறேன்."

பாட்டு என்னன்னா, நின்னுட்டிருந்த லாரியில ஒரு குருவி கூடு கட்டி முட்டை வெச்சுது. இரை தேடிட்டு வந்து பார்த்தா லாரியைக் காணோம். அவ்வளவுதான். 'இடம் பார்த்து வீடு கட்டணும்'னு கருத்து எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வெச்சிருந்தா. அந்தக் கருத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சலா வரும்.

அப்புறம் டுர்ர்ர்னு ஜீப் வந்துச்சு. டக் டக்குனு ஆபீசர் உள்ள வந்தார். "பாட்டு யாருக்குத் தெரியும்?" சடசடன்னு கை. டீச்சர் ஒரு வலது கையை எழுப்பினா, கடகடன்னு ஒப்பிச்சுது. "கருத்து?" இன்னொரு வலது கை, அதுவும் கடகட. டீச்சருக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

மூணாவதா அவர் புத்தகத்தை மூடிட்டு, "அந்த லாரிக்காரர் நல்லவரா, கெட்டவரா?"ன்னார்.

நோட்டுல அது இல்லியே! சடசடன்னு நாப்பது கையும் மேல போச்சு. நாப்பதும் இடது கை. டீச்சர் வலது கை ஒண்ணாவது இருக்கான்னு தேடினா. அதுக்குள்ள ஆபீசரே கடைசி பெஞ்சு தாரணியைக் காட்டி, "நீ சொல்லும்மா"ன்னுட்டார். தாரணியோட அப்பா லாரி டிரைவர். வீட்டை விட்டுப் போய் இருபது நாளாச்சு.

தாரணி எழுந்து, "தெரியாது சார்"னா. டீச்சர் கண்ணை மூடிக்கிட்டா.

"ஆனா அவருக்கு முட்டை இருக்கறதே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பார். டீச்சர், அந்த லாரி திரும்பி வந்துச்சா?"

கிளாஸே டீச்சரைப் பார்க்குது. ஆபீசரும் பார்க்குறார். ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம், பெரியவங்களுக்குத் தெரியாததா? ஆனா அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரல. வேலை போனாப் போகுதுன்னு, மெதுவாக் கையைத் தூக்கினா. எந்தக் கை, சொல்லு?

ம்ம். நீ தூக்கிக் காட்டுற அதே கைதான்.

பிள்ளைங்க கொல்லுன்னு சிரிச்சுதுங்க. ஆபீசர் பேனாவைக் கீழ வெச்சார். "இந்தக் கை சங்கதி எனக்கும் தெரியும்மா, நானும் வாத்தியாரா இருந்தவன்தான்"னு சொல்லிட்டு, அவரும் இடது கையைத் தூக்கினார்.

வேலை போச்சா? போகல. தாரணியோட அப்பா? சனிக்கிழமை வந்துட்டார், அதுக்கு என் வலது கை. குருவியோட லாரி வந்துச்சான்னா கேக்குற? இந்தா பாரு, என் இடது கை.

கதை கரை சேர்ந்தாச்சு. நீயும் தூக்கின கையைத் தலைக்கு வெச்சுக்கிட்டுத் தூங்கு.