பெயரை விழுங்கிய வெளிர் நிறங்கள்

அந்தக் காலத்தில் நிறங்களுக்கு வாய் இருந்தது. பொய் மட்டும் வராது. "யாருடைய நிறம்?" என்று கேட்டால், "அரண்மனையுடையது!" என்று கத்தும். தொட்டியில் சாயம் காய்ச்சிக் கை வெந்தவர்களின் பெயரை எந்த நிறமும் சொன்னதில்லை. சாயப் பட்டறை ஆள் ஒருவன் சட்டையில் விரலகலச் சிவப்பை ஒட்டினான். அது கத்தியது. மறுநாளே அவனை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

அந்தப் பட்டறையில் வேலை செய்த மாசாணிக்கு அடைமழையில் பிள்ளை பிறந்தது. வீட்டில் வெள்ளைக் கந்தல்கள்தான் இருந்தன. முதல் பிள்ளையை வெள்ளை போர்த்தித்தான் புதைத்திருந்தாள். இதற்கும் வெள்ளையா?

துணி அலசிய நீரைக் கொட்டும் வாய்க்காலுக்குப் போனாள். வெளிறிய நீலமும் மஞ்சளும் ரோஜாவும் அதில் ஓடின.

"என்கூட வர்றீங்களா?"

"எங்களையா கூப்பிடுகிறாய்? நாங்கள் கழிவு" என்றது நீலம்.

"நான் மட்டும் என்னவாம்? வாங்க. கத்தாம இருங்க, பிள்ளை தூங்கணும்."

கந்தல்களை அந்த நீரில் நனைத்து, காயவைத்து, ஒட்டுப்போர்வை தைத்தாள்.

சேதி தெரிந்து பட்டறைக் கங்காணி வந்தான்.

"என்ன மாசாணி, வீட்டுல இளவரசனா பிறந்திருக்கான்?"

"குளிருதுங்க அவனுக்கு."

கங்காணி போர்வையிடம் குனிந்தான். "யாருடைய நிறம் நீங்கள்? உண்மையைச் சொல்லுங்கள். மறுபடி தொட்டியில் போட்டு, அடர்நிறமாக்கி, ராணியின் சேலைக்கு அனுப்புகிறேன்."

அடர்நிறமாவது அவற்றின் வெகுநாள் ஆசை. சொன்னால் மாசாணிக்கு ஊர் இல்லை, பிள்ளைக்குப் போர்வை இல்லை. சொல்லாமல் அரண்மனையின் பெயரை விழுங்கினால், பிறகு என்றைக்கும் குரல் திரும்பாது.

விழுங்கின.

கங்காணி காதை வைத்துக் கேட்டான். பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது. அவனுடைய சிவப்புத் தலைப்பாகைதான் பொறுக்காமல், "நான் அரண்மனை! நான் அரண்மனை!" என்று அலறியது. பிள்ளை வீறிட்டது.

"தலையில இருக்கிறதை வெளியே வச்சிட்டு வரக்கூடாதா ஐயா?" என்றாள் பக்கத்து வீட்டு வேலம்மா. வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சாட்சி இல்லாமல் அவன் திரும்பிப் போனான். பொழுது விடிந்ததும் அத்தனை பெண்களும் கந்தலோடு வாய்க்காலில் நின்றார்கள்.

அடர்நிறங்கள் இன்றும் கொடிக்கம்பங்களில் ஏறி யார் யாருடைய பெயரையோ கத்திக்கொண்டிருக்கின்றன. நாமும் கூடக் கத்துகிறோம். பிள்ளைக்குப் போர்வை தைக்கிறவள் மட்டும் வெளிர்நிறத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்குவது அன்று முதல்தான். தங்களுக்கு அடியில் தூங்குவது யார் பிள்ளை என்று அவை இன்றுவரை எவனிடமும் சொன்னதில்லை.