ஆலமரம் நின்ற இடம்

ஆலமரத்துக்குக் கால் இருந்த காலம் அது. மற்ற மரங்கள் முளைத்த இடத்திலேயே நிற்க, ஆல் மட்டும் ஊர் ஊராகச் சுற்றி வந்தது. மனிதர்களோ பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டியதில்லை. எல்லை ஓடைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதுகூட இல்லை.

ஒரு சித்திரையில் ஆலமரம் கரிசல்காட்டு வழியாகக் கடலோரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு புன்னைமரம் அதற்குச் சிநேகம். வருஷந்தோறும் அது பூக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வரும்.

வழியில் பேச்சி என்ற பெண் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தாள். சூறைக்காற்று அவள் குடிசைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மடியில் சின்னமகள் ராக்கு காய்ச்சலில் கிடந்தாள். பிள்ளைமேல் வெயில் படாமல் குனிந்து, அதைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டிருந்தாள் பேச்சி.

"புள்ள கண்ணு முழிக்கிற மட்டும் நின்னுட்டுப் போங்க, சாமி," என்றாள்.

"ஒரே இடத்தில நின்னா எனக்கு வேர் இறங்கிரும், தாயி. அப்புறம் நடக்க முடியாது."

"அப்படின்னா போயிட்டு வாங்க," என்று மறுபடி குனிந்துகொண்டாள்.

ஆலமரம் கொஞ்சதூரம் போனது. திரும்பிப் பார்த்தது. பிறகு வந்து, அவர்களுக்கு மேலே கிளைகளை விரித்து நின்றது.

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. ராக்கு முனகும்போதெல்லாம் மரம் தான் பார்த்ததைச் சொல்லும். மேகம் இறங்கி நடமாடும் மலை, வெள்ளை வெளேரென்று உப்பு விளையும் நிலம், மறுகரை தெரியாத தண்ணீர். பிள்ளை முனகலை மறந்து கேட்பாள். அவள் எழுந்து கஞ்சி குடித்த காலையில் ஆலமரம் காலைத் தூக்கிப் பார்த்தது. வரவில்லை.

பேச்சி அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாத தாயி. தெரிஞ்சுதான நின்னேன்," என்றது மரம். பிறகு கடல் இருக்கும் பக்கம் பார்த்து, "புன்னைதான் வழி பாத்துக்கிட்டு இருக்கும். இந்நேரம் பூத்திருக்கும்," என்றது.

"நான் பெரியவளாகிப் போய்ச் சொல்றேன்," என்றாள் ராக்கு.

சொன்னபடியே, வளர்ந்ததும் ஓடையைத் தாண்டிப் போனாள். ஊரே கரையில் நின்று பார்த்தது. திரும்பி வந்தவள், வாடிய புன்னைப் பூக்களை மரத்தடியில் கொட்டினாள். மரம் கேட்கக் கேட்க எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

"அந்த மலையையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேம்மா," என்று கிளம்பினாள். இந்தமுறை ஊரில் பாதிப்பேர் கூடவே போனார்கள்.

ஆலமரம் அவர்கள் போன திசையையே பார்த்து நின்றது. ஏக்கம் தாளாமல், கிளையிலிருந்து ஒரு காலை இறக்கி ஓடைப்பக்கம் ஊன்றிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

அன்றிலிருந்துதான் பார்க்காத ஊரின் பேரைக் கேட்டாலே மனிதர்களுக்கு இருப்புக் கொள்வதில்லை. ஆலமரமும் விழுது விழுதாகக் கால் ஊன்றி, நின்ற இடத்திலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது.