கரடியின் ஏழு வண்ணக் கடை

அடர்ந்த மலைக்காட்டில் ஒரு கரடி தேன் கடை வைத்திருந்தது. உயரமான மரங்களில் ஏறித் தேனடை எடுத்து வர மந்திகளும் மரநாய்களும் மலை அணில்களும் அதனிடம் வேலை செய்தன. ஒரு நரி கடைக்கு மேலாளராக இருந்தது.

மலை அணில்களில் மஞ்சாடி, பூவரசி என்று இரண்டு இருந்தன. இரண்டுமே பெண். ஒரே கூட்டில் துணையாக வாழ்ந்தன. வேலையிடத்தில் மட்டும் அதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

முதல் மழை பெய்ததும் அந்தக் காட்டில் வானவில் நாள் கொண்டாடுவார்கள். ஆணோடு ஆணாக, பெண்ணோடு பெண்ணாகக் கூடு கட்டிய பறவைகளும் விலங்குகளும் அன்று ஒளிவு மறைவின்றி ஊர்வலம் போகும். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது.

நரிக்கு ஒரு யோசனை வந்தது.

"முதலாளி, கடை முகப்பில் ஏழு வண்ணம் பூசுவோம். ஊர்வலம் மொத்தமும் நம்மிடம்தான் தேன் வாங்கும்!"

"எனக்கு அந்த ஜோடிகள்மேல் நம்பிக்கையே இல்லையே!" என்றது கரடி.

"நம்பிக்கை எதற்கு? சாயம் போதும்!"

மஞ்சளும் நாவல் பழச் சாறும் இலைச் சாறும் குழைத்துக் கடையெங்கும் பூசினார்கள். மஞ்சாடியும் பூவரசியும் ஒரே கூட்டில் வாழ்வதை நரி எப்படியோ மோப்பம் பிடித்திருந்தது. இரண்டையும் கூப்பிட்டு வாசலில் பூமாலையோடு உட்கார வைத்தது.

"எங்கள் கடையின் அன்பு ஜோடி! வாருங்கள், வாருங்கள்!" என்று கூவியது.

எல்லோர் முன்னாலும் பூவரசியின் பக்கத்தில் உட்கார்ந்தது மஞ்சாடிக்கு அதுவே முதல் முறை. அதற்குக் கண் கலங்கிவிட்டது. அன்று கடையில் ஒரு துளித் தேன்கூட மிஞ்சவில்லை.

சில நாள் கழித்து, தேனெடுக்கப் போன பூவரசியை மலைத்தேனீக்கள் மொய்த்துக்கொண்டன. வலி தாங்காமல் அது கிளையிலிருந்து விழுந்தது. முன்கால் முறிந்தது. உடம்பெல்லாம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தது.

மஞ்சாடி கரடியிடம் ஓடியது.

"ஐயா, பூவரசி பிழைப்பாளோ மாட்டாளோ தெரியவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கு விடுப்பு வேண்டும்!"

"துணைக்கு அடிபட்டால்தான் விடுப்பு. அவள் உன் தோழிதானே?"

"வானவில் நாளில் எங்களை ஜோடி என்று கூவினீர்களே!"

"அது வாசலுக்குச் சொன்னது. இது உள்ளே சொல்வது. போய் மரத்தில் ஏறு!"

மஞ்சாடி மரத்தில் ஏறவில்லை. கூட்டுக்குப் போய் பூவரசிக்கு மூலிகை அரைத்துப் பூசியது, வாயில் தண்ணீர் விட்டது. மறுநாள் நரி வந்து, "உங்கள் இருவருக்கும் இனி வேலை கிடையாது!" என்று சொல்லிவிட்டுப் போனது.

பூவரசி கண் விழித்ததும், "எனக்காக வேலையை விட்டாயா?" என்று அழுதது.

"விடவில்லை. பிடுங்கினார்கள். திரும்பக் கேட்கப் போகிறேன்" என்றது மஞ்சாடி.

அது நேரே மந்திகளும் மரநாய்களும் இளைப்பாறும் மரத்தடிக்குப் போய் நடந்ததைச் சொன்னது. வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

வயதான ஆண் மந்தி ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

"உங்கள் குடித்தனம் எனக்குப் புரியாதம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன கோடையில் என் பெண்டாட்டி கொட்டு வாங்கிக் கிடந்தபோது நான் விடுப்பு வாங்கிப் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் அவள் பிழைத்தாள். இன்று உன் துணையை இல்லை என்றவன் நாளை என் துணையையும் இல்லை என்பான். நான் மரம் ஏற மாட்டேன்!"

"நானும்!" என்றது ஒரு மரநாய். பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே சொல்லின.

கடை வெறுமையாகக் கிடந்தது. தேன் வாங்க வந்த கொண்டைக்குருவிகள், "என்ன ஆயிற்று?" என்று விசாரித்தன. மந்தி மறைக்காமல் சொன்னது. குருவிகள் காடு முழுக்கச் செய்தியைக் கொண்டு போயின. அதன்பின் யாரும் கடைப்பக்கம் வரவில்லை.

"வேறு சாயம் பூசிப் பார்ப்போமா?" என்று நரி கேட்டது.

"வாயை மூடு!" என்று உறுமிவிட்டுக் கரடி மஞ்சாடியைத் தேடிப் போனது.

"நீங்கள் இருவரும் வேலைக்கு வாருங்கள்."

"வருகிறோம். யாரை நாங்கள் துணை என்கிறோமோ அவரே துணை என்பதை எல்லோர் முன்னாலும் விதியாகச் சொல்லுங்கள். முறிந்த காலோடு பூவரசி செய்யக்கூடிய வேலையும் கொடுங்கள்!"

கரடி முனகியது, தலையைச் சொறிந்தது. கடைசியில் மரத்தடிக்கு வந்து அந்த விதியை உரக்கச் சொன்னது. பூவரசிக்குத் தேனடை பிழியும் வேலை கிடைத்தது.

கரடியின் மனம் மாறியதா என்று யாருக்கும் தெரியாது. விதி மாறியது. அடுத்த மழைக்காலத்தில் ஓர் ஆண் மரநாய் காய்ச்சலில் படுத்தபோது, அதன் துணையான இன்னொரு ஆண் மரநாய் கேட்ட உடனே விடுப்பு கிடைத்தது.

வாசலில் பூசும் வண்ணத்தைக் கண்டு மயங்காதே. துன்பம் வரும் நாளில் உரிமை தருகிறார்களா என்று பார், தராவிட்டால் சேர்ந்து நின்று கேள்.