நடுச்சுவரைத் தொடாத வாக்கு

திண்டுக்கல்லில் ஒரு சின்னத் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிய விஷயம் இது. முழுவதும் கேட்டுவிட்டு நீங்களும் ஒரு பக்கம் சேரலாம்.

புஷ்பம் டீச்சர் ஓய்வு பெற்றபின் ஆரம்பித்த தொழில், பாழடைந்த வீடுகளை வாங்குவது. வங்கி ஏலத்துக்கு வந்த வீடு, வாரிசுச் சண்டையில் பூட்டிக் கிடந்த வீடு, எதுவானாலும் வாங்குவார். ஆண்டிச்சாமி கொத்தனாரை வைத்துச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவார். இப்படி மூன்று வீடுகள் ஆகியிருந்தன. மூன்றாவது அடுத்த தெருவில் இருந்தது. இந்த விஷயம் நடந்த ஐப்பசியில்தான் அதற்குப் பெயிண்ட் அடித்து முடித்துக் காலியாக வைத்திருந்தார். வரும் ஒன்றாம் தேதி ஒரு குடும்பம் அதில் குடிவருவதாக ஏற்பாடு.

நான்காவதாக வாங்கியது பாதி வீடு. அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்ட ஓட்டு வீடு அது. அண்ணனுடைய பாதி கடனில் ஏலம் போய் டீச்சர் கைக்கு வந்தது. மறுபாதியில் தம்பி கனகசபை குடியிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு பக்கத்து உத்திரங்களும் அந்தச் சுவரின்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

"உங்க பாதியையும் குடுத்திருங்கண்ணே, சேர்த்து எடுத்துக் கட்டலாம்" என்று டீச்சர் கேட்டுப் பார்த்தார். கனகசபை மறுத்தார். ஒரு மாதம் கழித்து டீச்சர் மறுபடியும் கேட்டார். இம்முறை கனகசபைக்குக் கோபம் வந்துவிட்டது. "என் சம்மதம் இல்லாம நடுச்சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். டீச்சர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஐப்பசியில் வேலை தொடங்கியது. முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. அதே வாரம் கனகசபையின் மகள் பவானிக்குக் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முன்னறையில் படுத்திருந்தார்கள். முன்னறை நடுச்சுவரை ஒட்டியது.

உதிர்ந்திருந்த பூச்சுக்குள் ஆண்டிச்சாமி கையை விட்டுப் பார்த்தார். செங்கல்லுக்கு நடுவே சாந்தே இல்லை. பல வருஷமாக ஒழுகிய தண்ணீர் எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டு போயிருந்தது. சுவரை ஒட்டித் தூக்குக்குண்டை விட்டார். சுவர் கனகசபை பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கணும் டீச்சர். அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரும் இருக்கக் கூடாது."

டீச்சர் ஓடிப்போய்ச் சொன்னார். கனகசபை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "ரெண்டு தடவை கேட்டீங்க, குடுக்கல. இப்ப சுவர் விழும்னு கிளப்பப் பாக்குறீங்க. பச்ச உடம்புக்காரியைக் கூட்டிக்கிட்டு மழையில நான் எங்க போறது?"

டீச்சர் ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்தார். "நீங்க கூட்டிட்டு வந்தவரு உங்களுக்குத்தான் பேசுவாரு" என்று கனகசபை கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் மாநகராட்சியில் மனுக் கொடுத்தார். திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

சனிக்கிழமை மதியம் சாய்வு இரண்டு விரற்கடை ஆயிற்று. மூன்று மணிக்குச் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது.

"நான் ஏதாவது பண்ணட்டுமா?" என்றார் ஆண்டிச்சாமி.

"வேணாம். எழுதிக் குடுத்திருக்கேன். மறுபடி போய்க் கேக்குறேன்."

டீச்சர் கொட்டும் மழையில் கனகசபையின் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. டீச்சரின் கை பைக்குள் போய் அடுத்த தெரு வீட்டின் சாவியைத் தொட்டது. நேற்றுத்தான் காய்ந்த பெயிண்ட். முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பம். கையை வெளியே எடுத்துக்கொண்டு மறுபடியும் கதவைத் தட்டினார்.

அப்போது தலைக்குமேல் ஓடு நகரும் சத்தம் கேட்டது. தெருப்பக்கம் ஏணி போட்டு, முன்னறைக்கு மேலிருந்த ஓடுகளை ஆண்டிச்சாமி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மழை நேராகப் பவானியின் படுக்கையில் இறங்கியது. பத்து நிமிஷத்தில் தாயும் பிள்ளையும் எதிர்வீட்டில் இருந்தார்கள். கனகசபை போலீசுக்குப் போன் செய்தார். ஆண்டிச்சாமி ஓடவில்லை. ஏணிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். வந்த போலீஸ்காரரிடம், "நான்தான் பிரிச்சேன். டீச்சர் வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார்.

சுவர் அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. திங்கட்கிழமை வந்த மாநகராட்சி இன்ஜினியரிடம், "நிக்குதா இல்லையா, நீங்களே பாருங்க சார்" என்றார் கனகசபை. இன்ஜினியர் சுவரைப் பார்த்தார், இரண்டு பாதியையும் உடனே காலி செய்து சுவரை இடித்து இறக்கும்படி எழுதிவிட்டுப் போனார்.

தெரு இரண்டுபட்டது இதற்குப் பிறகுதான். சந்தேகப்பட்டு வீட்டைவிட்டு நகராத கனகசபை, கொடுத்த வாக்கை மீறாத டீச்சர், அடுத்தவன் கூரையைப் பிரித்த கொத்தனார். இந்த மூவரில் சரியாக நடந்துகொண்டவர் யார்? நீங்கள் சொல்லுங்கள்.

விடை: ஆண்டிச்சாமி. சுவர் விழுந்ததா இல்லையா என்பதை வைத்து அதை முடிவு செய்ய வேண்டாம். சனிக்கிழமை மூன்று மணிக்கு யாருக்கும் அது தெரியாது. அவர் செய்தது குற்றம்தான். தெரிந்தே செய்து, அதற்கான தண்டனைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கனகசபையின் சந்தேகத்தையும் குறை சொல்ல முடியாது. இரண்டு முறை விலை கேட்டவர் சொல்வதை எப்படி நம்புவார்? டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த உண்மைக்காக அவர் எதையும் இழக்கத் தயாராக இல்லை. வாக்கை மீறாமலே பிள்ளையைக் காப்பாற்றும் வழி அவர் பைக்குள் இருந்தது. "எங்க போறது" என்று கனகசபை கேட்டதற்கு அந்தச் சாவிதான் பதில். திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சரே இதைக் கனகசபையிடம் ஒப்புக்கொண்டு சாவியைக் கொடுத்தார். கனகசபை புகாரைத் திரும்பப் பெற்றார், ஆனால் ஆண்டிச்சாமியோடு பேசவில்லை. தை மாதம் புதுச்சுவர் எழுந்து கூரை வேய்ந்த அன்று, ஏணியில் நின்ற ஆண்டிச்சாமிக்குக் கீழேயிருந்து ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கொடுத்தவர் கனகசபை.