ஆண்டி நண்டின் பாட்டு

அந்தக் காலத்தில், நண்டும் கொக்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆறு கடலில் கலக்கும் ஒரு சேற்றுக்கரையில் ஒரு நண்டு தனியாக இருந்தது. உற்றார் உறவு என்று அதற்கு யாரும் கிடையாது. அதனால் ஊரே அவனை ஆண்டி என்று கூப்பிட்டது. அப்போதெல்லாம் நண்டுகளுக்கு இரண்டு கையும் ஒரே அளவுதான்.

பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஆண்டி ஒரு வாத்தியம் செய்துகொண்டான். ஓர் உடைந்த சிப்பி ஓடு, அதில் செருகிய, சேற்றுக்கரை மரமான சுரபுன்னையின் நீளமான காய், மேலே நரம்பாக இழுத்துக் கட்டிய காய்ந்த மீன் குடல், அவ்வளவுதான். ஒரு கையால் அந்த நரம்பை அழுத்தி மறு கையால் தேய்த்தால் மெல்லிசாகச் சத்தம் வந்தது. அன்றைக்கு அவனுக்குப் பசியே தெரியவில்லை.

வாத்தியம் இருந்தால் போதுமா, வாசிக்கப் பாட்டு வேண்டாமா? மீன்கொத்தியிடம் போய் ஒன்று இரவல் வாங்கினான். அதன் வேகத்துக்கு நரம்பு அறுந்ததுதான் மிச்சம். கொக்குக்கோ ஒரு சத்தத்துக்கு மேல் தெரியாது. அந்த லட்சணத்தில் அது ராகத்தைப் பற்றி நீட்டி முழக்கியது. பேச்சு பாட்டைப் பற்றி, பார்வை மட்டும் அவன் முதுகின் மேல். ஆண்டி நைசாக நழுவி வந்துவிட்டான்.

கடைசியில் கரையில் கேட்டதையெல்லாம் தானே பாட்டாகக் கட்டினான். தண்ணீர் வடிவதற்கு ஒரு பாட்டு, சேற்றில் குமிழி உடைவதற்கு ஒன்று, உதிர்ந்த இலை மிதந்து போவதற்கு ஒன்று. ஓயாமல் வாசித்ததில் தேய்க்கும் கை தடித்துப் பெரிதானது, நரம்பை அழுத்தும் கை சூம்பிப்போனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்து வளையில் இருந்த வடிவு என்ற பெண் நண்டு மறுகரைக்குக் குடிபோகக் கிளம்பியவள், போகிற வழியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு ஆண்டி. ஆனா எல்லாமே போற பாட்டா இருக்கே. வான்னு கூப்பிடுற பாட்டு ஒண்ணும் இல்லையா?”

“கூப்பிட ஆளிருந்தாத்தானே அது வரும்” என்றான் ஆண்டி.

வடிவு மறுகரையைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த முறை தண்ணீர் வடிந்ததும்தான் கிளம்பப்போவதாகவும், அதற்குள் அந்தப் பாட்டு வந்துவிட்டால் கேட்டுவிட்டு யோசிப்பதாகவும் சொல்லிவிட்டுத் தன் வளைக்குத் திரும்பினாள். அவளும் போய்விட்டால் அந்தச் சேற்றில் அவன் பாட்டை நின்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது.

ஆண்டி உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தான். தண்ணீர் காலைத் தொட்டதும் வளைக்குள் போய் வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்வது நண்டுகளின் வழக்கம். வாத்தியம் வளைக்குள் நுழையாது. அதனால் தினமும் அதை மேட்டில் சுரபுன்னை வேரில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். அன்று பாட்டின் கடைசி அடி பிடிபடாமல் வாசித்துக்கொண்டே இருந்துவிட்டான். பிடிபட்டபோது தண்ணீர் கண்வரை ஏறியிருந்தது. மேட்டுக்குப் போக நேரமில்லை. வாத்தியத்தை வளை வாசலிலேயே சேற்றில் ஊன்றிவிட்டு உள்ளே போய் அடைத்துக்கொண்டான். இருட்டில் அந்தப் பாட்டை மறந்துவிடாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தான்.

தண்ணீர் வடிந்ததும் வெளியே வந்து பார்த்தால் வாத்தியத்தைக் காணோம். ஊன்றிய இடத்தில் குழிகூட இல்லை. எதிரே வடிவு காத்துக்கொண்டிருந்தாள்.

 வேறு வழி தெரியாமல் ஆண்டி பெரிய கையைத் தூக்கி, இல்லாத நரம்பில் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். துளிச் சத்தம் இல்லை. வடிவு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சேற்றைக் கடந்து அவனிடம் வந்தாள்.

“அது எப்படிப்பட்ட பாட்டுன்னு சொல்லேன்” என்று கேட்டாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் அவனோடேயே இருந்துவிட்டாள். ஆனால் சூம்பிய கையை வைத்துக்கொண்டு இன்னொரு வாத்தியம் செய்ய அவனால் முடியவில்லை. சாகும்வரை அந்தப் பாட்டை அவள் காதால் கேட்கவே இல்லை.

அன்று முதல்தான், தண்ணீர் வடிந்த சேற்றில் அந்த வம்சத்து ஆண் நண்டு ஒவ்வொன்றும் ஒற்றைப் பெரிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. கூப்பிடுவது நமக்கும் தெரிகிறது. பாட்டு மட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது.