செவப்பு மருமகள்

கரட்டுப்பாளையத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் சென்னியப்பன், அடுத்தவர் நாச்சிமுத்து, கடைக்குட்டி தெய்வசிகாமணி. அப்பா விட்டுப்போன தேங்காய் எண்ணெய் மில் ஒன்று இருந்தது. அதைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டதால் நன்றாக ஓடியது. மூன்று பேரும் தங்கமானவர்கள். யார் என்ன சொன்னாலும் கேட்பார்கள். சொன்னதை அப்படியே கேட்பார்கள், தொல்லை அங்கேதான்.

சென்னியப்பனுக்கு நாற்பத்தொரு வயதாகியும் பெண் அமையவில்லை. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பந்தியில் உட்காருவார், பாயசம் வரும்போது கண் கலங்கிவிடுவார். பார்க்கிற நமக்கே பாவமாக இருக்கும்.

பதினேழாவது ஜாதகமும் திரும்பி வந்த அன்று தரகருக்குச் சலித்துவிட்டது.

"உடுமலைப்பேட்டையில ஒரு பொண்ணு இருக்குதுங்க. பேரு இந்துமதி, போஸ்ட் ஆபீஸ்ல வேலை. இந்த வாட்டியாச்சும் பஸ்ஸுல போய் எறங்காதீங்க. பாக்கறவன் வாயைப் பொளக்கோணும், அப்படி ஒரு வண்டியில போங்க" என்றார்.

மறுநாளே மூவரும் மில் வாட்ச்மேன் ரங்கனைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனார்கள். ஒவ்வொரு ஷோரூமிலும் ரங்கனை வண்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு கடையில் அது திறக்கவில்லை. ஏழாவது கடையில், தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு சிவப்பு இத்தாலி காருக்கு முன்னால் அகலமாகத் திறந்தது. ரங்கன் விடிய விடிய மில்லைக் காவல் காத்தவர் என்பதும், அது வெறும் கொட்டாவி என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

"இது லிமிடெட் எடிஷன் சார். உலகத்துக்கே எழுபதுதான்" என்றார் மேனேஜர்.

"லிமிடெட்டுன்னா அளவுச் சாப்பாடுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியே வெச்சுக்கங்க. ரெண்டாவது வாட்டி கேட்டாக் கிடைக்காது."

"அப்ப வெலை கம்மியா இருக்கோணுமே? அன்லிமிடெட்டுக்குத்தானுங்க ஜாஸ்தி."

அரை மணி நேரம் வாதம் நடந்தது. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் தெய்வசிகாமணிதான் காருக்குள் தலையை விட்டுப் பார்த்துத் தீர்த்துவைத்தார். "அண்ணா, சீட்டு ரெண்டுதான் இருக்குது. நாம மூணு பேரு. அளவுன்னாப் பத்தாமத்தான் இருக்கும். இவுங்க ஏமாத்தல." எல்லாருக்கும் மனசு நிறைந்தது. வாங்கிவிட்டார்கள்.

சாவி கொடுக்கும்போது மேனேஜர் சொன்னார்: "முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டாதீங்க சார். புது மருமகளாட்டம் பதமா வெச்சுக்கங்க." எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

லாரியில் ஏற்றி வந்த கார் வீட்டு வாசலில் இறங்கியதும் பேச்சு ஆரம்பித்தது.

"மருமகள்னா வலது காலை எடுத்து வெச்சு உள்ள வரோணும்" என்றார் சென்னியப்பன்.

"இதுக்கு வலதுல ரெண்டு காலு இருக்குதேண்ணா. எதை வெக்கச் சொல்றது?"

"முன்னங்காலைத்தான். பின்னங்காலை முதல்ல வெச்சு எவளாச்சும் வருவாளா?"

வாசல் அகலம் பத்தவில்லை. நிலைக்கதவைப் பெயர்த்தெடுத்தார்கள். மில் ஆட்கள் எட்டுப் பேர் வலது முன் டயரைத் தூக்கிப் படி தாண்டி வைத்தார்கள். நாச்சிமுத்து ஆரத்தி எடுத்தார். கார் கூடத்தில் குடியேறியது, டிவி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. கண்ணாடியில் தினமும் ஒரு முழம் மல்லிகை. வேலைக்கார அம்மா காரைக் கழுவும்போது ஆண்கள் மூவரும் வெளியே போய்விடுவார்கள். மரியாதை தெரிந்த குடும்பம்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. நாச்சிமுத்து ஓட்ட, சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். இடம் இல்லாத தெய்வசிகாமணி பஸ் ஏறினார். புது மருமகளை ஓட ஓட விரட்டலாமா? மூன்று நொடியில் நூறைத் தொடுகிற கார் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் அடக்க ஒடுக்கமாகப் போனது. அதனால் தெய்வசிகாமணி இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்.

பெண்ணின் அப்பா பொன்னுச்சாமி வாசலுக்கு வந்து வரவேற்றார். "வாங்க, வாங்க. மாப்பிள்ளை எங்கீங்க?"

"மருமகளோட வந்துட்டு இருக்காருங்க."

"மருமகளா? எந்த மருமக?"

"எங்கூட்டு மருமகதானுங்க. வந்து ஒரு மாசந்தான் ஆகுது. வெளிநாடு. செவப்புன்னா அப்படி ஒரு செவப்பு!"

பொன்னுச்சாமிக்கு வேர்த்துவிட்டது. "உங்க மூணு பேருக்கும் இன்னும் கல்யாணமே ஆகலைன்னு தரகர் சொன்னாரே!"

"ஆகலைங்க. மூணு பேரும் சேந்துதான் வாங்குனோம். கூடத்துலதான் நிக்குது. ஆரத்தி எல்லாம் எடுத்துட்டோம், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

பொன்னுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையில் கிடந்த தென்னை மட்டையைக் கையில் எடுத்தார். தரகரைத் திட்ட வாயைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் சிவப்புக் கார் மல்லிகைப் பூவோடு வாசலில் வந்து நின்றது. திறந்த வாய் மூடவில்லை.

"அண்ணா! பொளந்துட்டாரு!" என்று கத்தினார் தெய்வசிகாமணி. சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. பாயசம் இல்லாமலே கலங்கியது அதுதான் முதல் தடவை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இந்துமதி சிரித்த சிரிப்பில் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வெளியே வந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். டயரைத் தூக்கி வைத்தது, நிலைக்கதவு, பூ, குளியல், எதையும் மூவரும் மறைக்கவில்லை.

"வேண்டாம் கண்ணு, இவுங்களுக்கு மூளையே இல்ல" என்றார் அப்பா.

"தெரியுதுங்கப்பா. ஆனா ஒரு காரையே இப்படித் தாங்கறவங்க, என்னை எப்படி வெச்சுக்குவாங்கன்னு யோசிங்க" என்றாள் இந்துமதி. அவளும் முப்பத்தாறு வருஷமாக மனிதர்களைப் பார்த்தவள்தான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சென்னியப்பன் பாயசத்தைச் சிரித்துக்கொண்டே குடித்தார். வீடு கலகலப்பானது, டிவி திரும்பி வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆடி பிறக்கும்வரை.

பொன்னுச்சாமி பொண்ணை ஆடிக்கு அழைத்துப் போனார். அன்று சாயந்திரம் அண்ணன் தம்பிகள் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சின்ன மருமக அம்மா வூட்டுக்குப் போயிருச்சு" என்றார் நாச்சிமுத்து. "மூத்தவ இங்கயே நிக்கறா. ஊரு என்ன பேசும்?"

"பாவம், அதும் வாயைத் தொறந்து கேக்கல" என்றார் தெய்வசிகாமணி.

காரை இத்தாலிக்கு அனுப்பச் சொன்னதும் ஷோரூம் மேனேஜர் போனிலேயே அழுதார். காரில் பழுது எதுவும் இல்லாமல் யாரும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"பழுதாகித்தான் பொண்ணை அம்மா வூட்டுக்கு அனுப்புவீங்களா? என்ன பேச்சுங்க இது?" என்று சென்னியப்பன் கோபித்துக்கொண்டார். பட்டுப்புடவை போர்த்தி, டிக்கியில் முறுக்கும் அதிரசமும் வைத்து, கார் இத்தாலிக்கு விமானம் ஏறியது.

ஆவணி முதல் வாரம் திரும்பி வந்தது. கண்ணாடியில் கம்பெனிக்காரர்கள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். முந்தின நாள்தான் வந்திருந்த இந்துமதி அதைத் தமிழில் படித்துச் சொன்னாள்: "வண்டியை முழுவதும் சோதித்தோம். குறை ஒன்றும் இல்லை."

சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களாடா! ஒரு மாசம் அம்மா வூட்டுல இருந்திருக்குது. நம்ம வூட்டைப் பத்தி ஒரு குறை சொல்லலையே!"

மூவரும் காரைத் தடவித் தடவிப் பூரித்துப்போனார்கள். அப்புறம் சென்னியப்பன் மெதுவாக இந்துமதி பக்கம் திரும்பினார். முகத்தில் லேசாகக் கவலை தெரிந்தது.

"ஏம்மிணி, நீயும் ஒரு மாசம் இருந்துட்டு வந்தியே. உங்கப்பா எதும் எழுதி ஒட்டி விடலையா?"